ராஜபாளையம் கயிற்றை இழுக்கிறது: முள் பட்டையா, சோக் செயினா, ஷாக் பட்டையா?

கேள்வி: இரண்டு வயது ஆண் ராஜபாளையம் நாய், 28 கிலோ. கேட்டைத் திறந்ததுமே இழுக்க ஆரம்பித்துவிடுகிறது. போன வாரம் பூனையைப் பார்த்துப் பாய்ந்ததில் அம்மா முழங்கால் அடிபட விழுந்துவிட்டார். பெல்ட்டைத் தலைவழியே உருவிக்கொண்டு இரண்டு முறை ஓடியும் போயிருக்கிறது. கடைக்காரர் முள் பட்டை வாங்கச் சொல்கிறார், பழக்க வருபவர் சோக் செயின் போதும் என்கிறார், ஆன்லைனில் ரிமோட் ஷாக் பட்டை மலிவாகக் கிடைக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: மூன்றும் வேண்டாம். 4 சென்டிமீட்டர் அகலத்தில் துணி மார்ட்டிங்கேல் பட்டை (ஓரளவுக்குமேல் இறுகாத இரட்டை வளையப் பட்டை) ஒன்று, நெஞ்சுக்கு முன்னாலும் முதுகிலும் வளையம் வைத்த ஹார்னஸ் (உடலைச் சுற்றி மாட்டும் வார்) ஒன்று, இரண்டு முனையிலும் கொக்கி உள்ள 2 மீட்டர் கயிறு ஒன்று. இவற்றை வாங்குங்கள். கூடவே தினமும் பத்து நிமிடப் பழக்கம், ஆறிலிருந்து எட்டு வாரம். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், கடைக்காரர் திரும்பக் கேட்டால் பதில் சொல்ல உதவும்.

நாய் இழுப்பது திமிரால் அல்ல. நம்மை அடக்கி ஆளவும் அல்ல. அதன் இயல்பான நடையே நம் நடையைவிட வேகம், அவ்வளவுதான். அதோடு, இழுத்தால் பலன் இருக்கிறது. மின்கம்பத்தை நோக்கி இழுக்கிறது, நாம் பின்னாலேயே போகிறோம், மோந்து பார்க்கக் கிடைக்கிறது. ஒரு நடையில் இப்படி முப்பது நாற்பது முறை கூலி வாங்கிவிடும். உங்கள் நாய் இரண்டு வருடமாக அந்தக் கூலியை வாங்கிவருகிறது. பொத்தானை அமுக்கினால் நீண்டு சுருங்கும் சுருள் கயிறு வைத்திருந்தீர்களானால் இன்னும் மோசம். அதில் கயிறு எப்போதும் லேசாக விறைத்தே இருக்கும், இழுத்தால் இன்னும் நீளும். இழுக்கக் கற்றுத்தருவதற்கென்றே செய்ததுபோல ஒரு சாமான். முதலில் அதை ஓரம் கட்டுங்கள்.

இனமும் ஒரு காரணம். லாப்ரடார் மூக்கால் இழுக்கும், சீராக, டிராக்டர் மாதிரி. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி மூன்றும் கண்ணால் வேட்டையாடுகிறவை. நன்றாக நடந்துகொண்டே இருக்கும், அணில் ஒன்று மதிலில் ஓடியதும் இரண்டு தாவலில் முழு வேகத்துக்குப் போய்விடும். கயிறு தீர்ந்துபோகும் அந்த நொடியில் அத்தனை வேகமும் கழுத்தில் வந்து நிற்கும். பட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மறக்கக்கூடாது. தலைவழியே உருவிக்கொள்வதும் இந்த உடல்வாகுதான். தலை ஒடுங்கியது, கழுத்தும் தலையும் கிட்டத்தட்ட ஒரே சுற்றளவு. சாதாரண பெல்ட்டை உருவ முடியாதபடி மாட்டினால் மூச்சு முட்டும், மூச்சு விட இடம் கொடுத்தால் உருவிக்கொள்ளும்.

சோக் செயின் என்பது ஓடுமுடிச்சு போட்ட சங்கிலி, வேறொன்றுமில்லை. நாய் இடப்பக்கம் நடப்பதானால், அதை எதிரே நின்று மாட்டும்போது சங்கிலி ஆங்கில 'பி' எழுத்துப் போல் தெரியவேண்டும். திருப்பி 'க்யூ' போல் மாட்டினால் இறுகியபின் தானாகத் தளராது. தெருவில் பார்க்கும் சோக் செயின்களில் திருப்பி மாட்டியவை நிறைய. சரியாக மாட்டினாலும் அதன் முறை, சட்டென்று ஒரு சுண்டு சுண்டி உடனே விட்டுவிடுவது. கொஞ்சம் பிந்திப்போனால் எதற்காகச் சுண்டினோம் என்று நாய்க்குப் புரியாது. நடைமுறையில் யாரும் சுண்டி விடுவதில்லை. நாய் இழுக்கிறது, சங்கிலி இறுகியே கிடக்கிறது, நாய் இருமிக்கொண்டே முன்னால் போகிறது. ஒரு மாதத்தில் அந்த இறுக்கமும் அதற்குப் பழகிவிடும். உங்கள் நாய் வெடித்துப் பாயும் ரகம் என்பதால் இறுதி அடியை வாங்கப்போவது மூச்சுக்குழல்.

முள் பட்டை இழுப்பைக் குறைக்காது என்று சொன்னால் அது பொய். பல நாய்களில் மாட்டிய முதல் நாளே இழுப்பு குறையும், அதனால்தான் விற்கிறது. உள்நோக்கி வளைந்த கம்பிகள் கழுத்தைச் சுற்றிலும் ஒரே நேரத்தில் அழுத்தும்படி செய்யப்பட்டது அது. ஜெர்மனியின் ஹெர்ம் ஸ்ப்ரெங்கர் போன்ற நிறுவனங்களின் பட்டையில் முனைகள் உருட்டி மழுக்கப்பட்டிருக்கும். மலிவான நகல்களில் கம்பியை வெட்டிய முனை அப்படியே இருக்கும், நகத்தை வைத்துத் தேய்த்தாலே தெரியும். மாட்டும் இடமும் காதுக்குச் சற்றுப் பின்னால், தாடைக்குக் கீழே, கழுத்தின் உச்சியில். நழுவாத அளவு வரும்வரை கண்ணிகளைக் கழற்றியோ சேர்த்தோ அளவெடுக்கவேண்டும், தலைவழியே போட்டுக் கழற்றக்கூடாது. கண்ணி திடீரென்று பிரிந்துகொள்ளும் என்பதால் துணைக்கு இன்னொரு பட்டையும் மாட்டியிருக்கவேண்டும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தோள் ஓரம் மாலைபோலத் தொங்கவிடுகிறார்கள். தொங்கும் பட்டை முதலில் ஓடி, பிறகு இடிக்கும். ராஜபாளையத்தின் முடி குட்டை, தோல் மெல்லியது. அடியில் இளஞ்சிவப்புத் தோல் உள்ள வெள்ளை நாயில் ஒரே வாரத்தில் தடிப்புகள் தெரியும்.

தோல் ஆறிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை வேறு. தெருமுனையில் ஒரு நாய் எழுந்து நிற்கிறது. உங்களுடையது வாலை ஆட்டி முன்னே போகிறது, கழுத்தில் குத்துகிறது. மறுநாளும் அதே இடம், அதே நாய், அதே குத்து. நீங்கள் தண்டித்தது இழுப்பதை. அது கற்றுக்கொள்வது, தெருநாய் கண்ணில் பட்டால் கழுத்து வலிக்கும் என்பதை. சில வாரங்களில், தூரத்தில் அந்த நாய் தெரியும்போதே பிடரி மயிர் சிலிர்த்து உறும ஆரம்பிக்கும். இழுப்பை நிறுத்தப் போய் சண்டைக்கார நாயை உண்டாக்குவது இப்படித்தான். நம் ஊர்த் தெருவில் நூறு அடிக்கு ஒரு நாய் இருக்கிறது. இந்தக் கணக்கு உங்களுக்குச் சாதகமாக வரவே வராது.

ஷாக் பட்டைக்கும் இதே குறை, கூடுதலாக இன்னும் சில. கயிற்றில் நடக்கும் நாய்க்கு ரிமோட்டே தேவையில்லை, கயிறு கையில்தானே இருக்கிறது. தூரத்திலிருந்து அழைத்தால் வரவைப்பதற்காக வந்த கருவி அது. அந்த வேலையிலும், இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகம் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஷாக் பட்டையோடு பழக்கிய நாய்கள் உணவு கொடுத்துப் பழக்கிய நாய்களைவிட மேலாக வரவில்லை. வேல்ஸில் 2010 முதல் ஷாக் பட்டைக்குத் தடை. ஜெர்மனியில் நாய்ப் பழக்கத்தில் முள் பட்டைக்கு 2022 ஜனவரி 1 முதல் தடை. ஆஸ்திரேலியா முள் பட்டையை நாட்டுக்குள் கொண்டுவரவே விடாது. இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவில், விலங்குக்குத் தேவையற்ற வலி தருவதைக் குற்றமாக்குகிறது.

சாதாரணத் துணி பெல்ட் நல்லது என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். நாட்டிங்ஹாம் டிரெண்ட் பல்கலைக்கழகத்தில் செயற்கைக் கழுத்து மாதிரி ஒன்றில் பல வகைப் பட்டைகளை இழுத்துப் பார்த்து 2020-இல் வெளியிட்டார்கள். இழுக்கும் நாய்க்குக் காயமே வராது என்று சொல்லும்படி ஒரு பட்டையும் தேறவில்லை. அகலம் கூடினால் அழுத்தம் பரவும், அவ்வளவுதான். பட்டையை எதிர்த்து இழுக்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் கூடுவதையும், ஹார்னஸில் அப்படிக் கூடாததையும் 2006-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பக், பொமரேனியன் வளர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். ஒன்றுக்குக் கண், இன்னொன்றுக்கு மூச்சுக்குழல், இரண்டும் பலவீனம்.

தலையில் மாட்டும் ஹால்டர் என்றும் ஒன்று உண்டு, மூக்கைச் சுற்றி ஒரு வளையம். சீராக இழுக்கும் லாப்ரடாருக்கு, ஒன்றிரண்டு வாரம் மெதுவாகப் பழக்கி மாட்டினால் நல்ல பொருள். பாய்ந்து ஓடும் நாய்க்கு வேண்டாம். கயிறு தீரும்போது தலை பக்கவாட்டில் திருகிக்கொள்ளும்.

இப்போது வாங்கச் சொன்னவற்றுக்கு வருவோம். மார்ட்டிங்கேலில் இரண்டு வளையம். பெரியது கழுத்தில், சின்னது கயிற்றில். இழுத்தால் பெரிய வளையம் ஓரளவுதான் இறுகும், அதற்குமேல் இறுகாது. அதனால் கழுத்தை நெரிக்காது, தலையையும் விடாது. அளவு சரிபார்ப்பது எளிது. மாட்டிவிட்டு, சின்ன வளையத்தைக் கையால் மேலே இழுங்கள். அந்த நிலையில் பெரிய வளையத்தின் இரு உலோக வளையங்களுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கவேண்டும். இரண்டும் முட்டிக்கொண்டால் பட்டை பெரிது, நாய் உருவிக்கொள்ளும். இழுத்துப் பிடித்தபடி பட்டையைக் காதைத் தாண்டித் தள்ளிப் பாருங்கள், தாண்டினால் இன்னும் இறுக்குங்கள். வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிடுங்கள். ஜன்னல் கம்பியிலோ கட்டில் காலிலோ மாட்டிக்கொண்டால் அங்கேயும் இறுகும். பெயர், போன் நம்பர் பொறித்த தகட்டை வேறு லேசான பெல்ட்டில் மாட்டி, அதை எப்போதும் விட்டுவையுங்கள்.

ஹார்னஸில் ஏமாறுவதுதான் அதிகம். முன்பக்க வார் தோளுக்குக் குறுக்கே படுக்கையாக ஓடினால் அதை வாங்காதீர்கள், முன்கால் வீசுவதைத் தடுக்கும். கழுத்தடியிலிருந்து நெஞ்செலும்பு வழியாக முன்கால்களுக்கு நடுவே இறங்கும் 'ஒய்' வடிவம்தான் வேண்டும். அடுத்தது, ராஜபாளையத்துக்கு நெஞ்சு ஆழம், இடுப்பு ஒடுக்கம். சாதாரண ஹார்னஸில் பின்னால் நகர்ந்து, தோளைக் குறுக்கி, சட்டை கழற்றுவதுபோல் கழற்றிவிடும். விலா எலும்பு முடியும் இடத்துக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு வார் உள்ளதைக் கேளுங்கள். மார்புச் சுற்றளவை முன்காலுக்குப் பின்னால் மிக அகலமான இடத்தில் டேப்பால் அளந்து, அளவுப் பட்டியலோடு ஒப்பிட்டு வாங்குங்கள். 'எல்', 'எக்ஸ்எல்' எழுத்தை நம்பவேண்டாம். எந்த வாருக்கு அடியிலும் இரண்டு விரல் தட்டையாக நுழையவேண்டும். வயிற்று வார் முழங்கை மடிப்பிலிருந்து மூன்று நான்கு விரல் தள்ளி இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அக்குள் உரசிப் புண்ணாகும். மாட்டியபின் வீட்டுக்குள்ளேயே நாய்க்கு முன்னால் நின்று கயிற்றை உங்கள் பக்கம் மெதுவாக இழுங்கள். அது பின்வாங்கும். அப்படியும் கழறவில்லையானால் தெருவுக்குப் போகலாம்.

கயிற்றின் ஒரு கொக்கி நெஞ்சு வளையத்தில், மறு கொக்கி மார்ட்டிங்கேலில். மார்ட்டிங்கேல் பக்கம் எப்போதும் தொய்ந்தே இருக்கட்டும், அது காப்புக்கு மட்டும். நெஞ்சு வளையத்தில் பிடித்தால் நாய் இழுக்கும்போது உடல் உங்கள் பக்கம் திரும்பிவிடும். இழுவையின் பலம் பாதி போவது அதனால்தான், இதில் மந்திரம் ஒன்றுமில்லை. கயிற்றை உள்ளங்கையில் சுற்றாதீர்கள், விரல் போய்விடும். கயிறு கையில் மடியும் வளைவைக் கட்டைவிரலில் மாட்டி விரல்களை மூடுங்கள், மறு கை நெஞ்சு வளையத்துக்குப் போகும் பக்கத்தில்.

இனிப் பழக்கம். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த எலும்பில்லாக் கோழி 100 கிராம். பொட்டுக்கடலை அளவுக்கு நறுக்கினால் நூறு துண்டுக்கு மேல் வரும். சைவ வீடானால் பன்னீர். அந்த அளவுக்கு அன்றைய சாதத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், நாயும் பசியோடு வரும்.

முதல் மூன்று நாள் வீட்டுக்குள், கயிறே இல்லாமல். இடுப்பில் ஒரு பையில் துண்டுகளைப் போட்டுக்கொண்டு நடங்கள். நாய் உங்கள் இடது காலருகே வந்ததும் 'ஆ' என்று ஒரே சொல், உடனே துண்டு. துண்டை எங்கே கொடுக்கிறீர்கள் என்பது என்ன கொடுக்கிறீர்கள் என்பதைவிட முக்கியம். பேன்ட்டின் பக்கத் தையல் இருக்கிறதே, அந்தக் கோட்டில் கையை வைத்துக் கொடுங்கள். கையை முன்னால் நீட்டினால் நாய் முன்னால்தான் நிற்கக் கற்கும். முதல் நாள் ஓரடிக்கு ஒன்று, மூன்றாம் நாள் ஐந்தடிக்கு ஒன்று. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை.

இங்கே ஒன்றைச் சோதித்துவிடுங்கள். ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு கணிசமாக உண்டு. நாய் பார்க்காதபோது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையைத் தட்டாதீர்கள், அதிர்வில் திரும்பிவிடும். காதே அசையாவிட்டால் 'ஆ' என்பதற்குப் பதில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிப் பழக்குங்கள். 'எவ்வளவு கத்தினாலும் கேட்பதில்லை' என்று அடிவாங்கும் வெள்ளை நாய்களில் சில நிஜமாகவே கேட்காதவை.

நான்காம் நாளிலிருந்து மொட்டை மாடியில், கயிறோடு. நின்றபடி இரண்டு விரலால் கயிற்றில் லேசான இழுவை கொடுங்கள், தராசுத் தட்டு அசையும் அளவுதான். நாய் முதலில் எதிர்த்து நிற்கும். விட்டுக்கொடுக்காமல், கூட்டவும் செய்யாமல் பிடித்திருங்கள். ஒரு பாதம் உங்கள் பக்கம் எடுத்து வைத்ததும் கயிறு தொய்யும், அந்த நொடி 'ஆ', துண்டு. ஒரு நாளைக்கு இருபது முறை. கயிறு விறைத்தால் எதிர்க்கவேண்டாம், உடன்பட்டால் போதும் என்பதை நாய் கற்பது இங்கேதான். இதைத் தாண்டி நேரே தெருவுக்குப் போகிறவர்கள்தான் பிற்பாடு திண்டாடுகிறார்கள்.

அடுத்தது கேட். தாழ்ப்பாளைத் தொடுங்கள். கயிறு விறைத்தால் கையை எடுத்துவிடுங்கள். தொய்ந்தால் மறுபடி தொடுங்கள், திறங்கள், விறைத்தால் மூடுங்கள். முதல் நாள் வெளியே போக இருபது முறை ஆகலாம், நான்காம் நாள் மூன்று முறை. கேட்டிலேயே பாய்ந்து கிளம்பும் நாய் தெருமுனை வரை ஆறாது, அதனால் இங்கே செலவிடும் நேரம் வீணில்லை.

தெருவில், கயிறு விறைக்கும்போதெல்லாம் நில்லுங்கள். சுண்டாதீர்கள், திட்டாதீர்கள். தொய்ந்ததும் நடங்கள். பலரும் இத்தோடு நிறுத்திவிடுவார்கள், 'நின்று பார்த்தேன், வேலைக்காகவில்லை' என்பார்கள். என்ன நடக்கிறதென்றால், நாய் இழுக்கும், நீங்கள் நிற்பீர்கள், அது திரும்பிப் பார்த்து ஓரடி வரும், துண்டு கிடைக்கும், மறுபடி இழுக்கும். அதைப் பொறுத்தவரை 'இழு, திரும்பு, தின்னு' என்று ஒரு முழு ஆட்டத்தையே கற்றுவிட்டது. ஆகவே திரும்பி வந்ததற்குத் துண்டு கொடுக்காதீர்கள். வந்தபின் கூடவே மூன்றடி நடந்தால் கொடுங்கள். பிறகு ஐந்தடி, எட்டடி. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகவும் வேண்டாம். பத்துக்குப் பின் மூன்று, பிறகு ஏழு என்று மாற்றிக் கொடுத்தால்தான் நாய் உங்களையே கவனிக்கும். கோழி மட்டும் கூலியில்லை. பத்தடி ஒழுங்காக நடந்தால் 'போ' என்று மின்கம்பத்தை மோந்துபார்க்க விடுங்கள். அது இத்தனை நாள் இழுத்து வாங்கிக்கொண்டிருந்த அதே பொருள்தான், இப்போது நீங்கள் கொடுக்கிறீர்கள்.

இரண்டாம் வாரம் ஒருநாள் முன்பைவிட மோசமாக இழுக்கும். இதுவரை திறந்த கதவு திறக்கவில்லையே என்று ஓங்கித் தட்டிப் பார்ப்பதுபோல. 'இது சரிப்படாது' என்று முள் பட்டையைத் தேடிப் போவது பெரும்பாலும் அந்த நாளில்தான். இரண்டு மூன்று நாளில் அடங்கும். அன்று ஒரு முறை விட்டுக்கொடுத்தால், இன்னும் பலமாக இழுத்தால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும்.

வீட்டில் ஒருவர் நிற்கிறார், இன்னொருவர் அவசரத்தில் இழுபட்டுக்கொண்டே போகிறார் என்றால் எட்டு வாரம் எண்பது வாரமாகும். ஆபீஸுக்கு நேரமாகிவிட்ட நாட்களும் வரும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. பழக்கும்போது நெஞ்சு வளையம், அவசர நாளில் முதுகு வளையம். முதுகில் மாட்டினால் இழுக்கலாம், நெஞ்சில் மாட்டினால் இழுக்கக்கூடாது. இரண்டும் வேறு வேறு விதி என்று நாய் ஒழுங்காகப் பிரித்துக்கொள்ளும். நாம்தான் கலந்துவிடக்கூடாது.

பூனைக்கும் அணிலுக்கும் நின்றுகாட்டுவது போதாது, பாய்ந்தபிறகு எதுவும் போதாது. பாய்வதற்கு முன் ஒரு நொடி உடல் விறைக்கும், காது முன்னால் வரும், வாய் மூடிக்கொள்ளும். அதைப் பார்த்ததும் பேசாமல் எதிர்ப்பக்கம் திரும்பி நடந்துவிடுங்கள், கூட வந்ததும் நான்கைந்து துண்டுகளைத் தரையில் தூவுங்கள். பூனையைப் பார்த்தும் துண்டு வாங்க முடிகிற தூரம் ஒன்று இருக்கும், தொடக்கத்தில் அது முப்பது அடியாக இருக்கலாம். அங்கிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்றடி குறையுங்கள். வாயில் வைத்தாலும் துப்புகிறதென்றால் நீங்கள் மிக அருகில் நிற்கிறீர்கள்.

ஓட்டமில்லாத ராஜபாளையத்தை நடக்கவைப்பது கஷ்டம். சுற்றுச்சுவருள்ள காலி மனையோ மைதானமோ கிடைத்தால் நடைக்கு முன் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். 10 மீட்டர் நீளக் கயிறு கட்டினால் முதுகு வளையத்தில் மட்டும். நீளக் கயிற்றைக் கழுத்துப் பட்டையில் கட்டிப் பூனையைப் பார்க்கவிட்டால் கழுத்து எலும்பே போகலாம்.

அம்மா இப்போதைக்குத் தெருவுக்குக் கூட்டிப்போகவேண்டாம். மாடிப் பழக்கத்தையும் கேட் பழக்கத்தையும் அவர் கையால் செய்யட்டும், பலம் வேண்டாத வேலை அது. ஐந்தாறு வாரம் கழித்து, ஆளில்லாத விடியற்காலையில், நீங்களும் இரண்டாவது கயிற்றோடு கூடவே நடந்தால் அவர் தொடங்கலாம்.

இதற்கிடையே வாத்து கத்துவதுபோல இருமல் வந்தாலோ, தண்ணீர் குடிக்கும்போது அடைத்துக்கொண்டாலோ கால்நடை மருத்துவரிடம் மூச்சுக்குழலைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் கத்தினால் நெஞ்சு வளையத்தை நிறுத்திவிட்டுத் தோளைக் காட்டுங்கள். நடந்து வந்ததும் ஹார்னஸைக் கழற்றி அக்குளில் சிவப்பும் வாருக்கடியில் உண்ணியும் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது வழக்கமாகட்டும். வாரத்துக்கு ஒருமுறை கயிற்றின் கொக்கி நாக்கை அமுக்கி விடுங்கள். கடற்கரை ஊர்களில் அதன் ஸ்பிரிங் துருப்பிடித்துப் பாதியில் நின்றுவிடும். சட்டென்று மூடிக்கொள்ளாத கொக்கியை அன்றே மாற்றிவிடுங்கள்.